கடமைப் பட்டியலுக்குள் ஒளிந்திருக்கும் ஆட்குறைப்பு

இலங்கையின் வன்னியில் அரச பேருந்துகளில் அடிக்கடி பயணம் செய்பவர்களுக்குச் சாரதியும் நடத்துநரும் தமக்குள் பேசிக்கொள்ளும் பேச்சு இப்போது மனப்பாடமாகியிருக்கும்: ஆள் காணாது, லீவு கேட்டால் கிடைக்காது, புதிய கடமைப் பட்டியல் சரிவராது. அதைக் கேட்டுக்கொண்டிருக்கும் பயணிகளில் சிலர், அரச வேலையும் வேண்டும், வேலை செய்யவும் பஞ்சி என்று முணுமுணுப்பதையும் நான் கேட்டிருக்கிறேன். வன்னியிலுள்ள ஒரு பேருந்துச் சாலையில் (டிப்போவில்), அதன் பெயர் இங்கு தேவையில்லை, பல ஆண்டுகள் பேருந்துகளை இயக்கும் பிரிவில் இருந்து, எவருக்கு எந்தப் பேருந்தில் எப்போது வேலை என்ற கடமைப் பட்டியலை எழுதியவன் என்ற முறையில், அந்த முணுமுணுப்புக்குப் பதில் எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். புதிய பட்டியலை எதிர்க்கும் ஊழியர்கள் சொல்வதெல்லாம் சரி என்று நான் சொல்லப்போவதில்லை. ஆனால் அவர்கள் எதை எதிர்க்கிறார்கள் என்பது வெளியில் சரியாகத் தெரியவில்லை.

இங்கு எவரும் வேலையிலிருந்து நிறுத்தப்படவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வேலைநீக்கம் என்றவுடன் என் வயதினருக்கு நினைவுக்கு வருவது 1980 ஜூலை வேலைநிறுத்தம். இரத்மலானைப் புகையிரதப் பணிமனையில் தொடங்கி, மாதம் 300 ரூபா சம்பள உயர்வு கேட்டுப் பரவிய அந்தப் போராட்டத்தில் இறங்கிய ஏறத்தாழ 40,000 பேரை ஜே.ஆர். ஜயவர்தன அரசாங்கம் வேலையிலிருந்து நீக்கியது. அது ஊரறிய நடந்த வெட்டு. இப்போது நடப்பது வேறு. ஒருவர் ஓய்வு பெறுகிறார், இன்னொருவர் வெளிநாடு போகிறார், மற்றவர் நோயினால் விலகுகிறார். அந்த இடங்களுக்கு எவரும் நியமிக்கப்படுவதில்லை. 2022 செப்ரெம்பரில் நிறைவேறிய இடைக்கால வரவுசெலவுத் திட்டம் அரச, பகுதி அரச ஊழியர்களின் ஓய்வு வயதை 60 ஆகக் குறைத்து, அந்த வயதைத் தாண்டியவர்களை அவ்வாண்டு டிசெம்பர் 31 ஆம் திகதியுடன் வீட்டுக்கு அனுப்பியது. அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன். புகையிரதத் திணைக்களத்தில் 2023 ஜனவரியின் தொடக்க நாட்களிலேயே ஆளில்லாமல் ரயில்கள் இரத்துச் செய்யப்பட்டதால் அங்கிருந்த வெற்றிடம் நாடு முழுவதும் செய்தியானது. பேருந்துச் சாலைகளின் வெற்றிடம் அப்படிச் செய்தியாகவில்லை. அங்கே, இருக்கிற ஆட்களை வைத்துப் பட்டியலைத் திருத்தி எழுதிவிட முடியும் என்பதுதான் காரணம்.

பட்டியல் எழுதுவது என்றால் என்ன என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். ஒரு பேருந்து காலை 5 மணிக்குப் புறப்பட்டு இரவு 7 மணிக்குச் சாலைக்குத் திரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 14 மணித்தியாலம். வாரத்தின் ஏழு நாளும் ஓடினால் 98 மணித்தியாலம். ஒரு சாரதி நாளுக்கு 8 மணித்தியாலமாக வாரத்தில் 6 நாட்கள் வேலை செய்தால் 48. இரண்டு சாரதிகளைச் சேர்த்தால் 96. ஆக, எவரும் லீவு எடுக்காத, எவருக்கும் காய்ச்சல் வராத, எவர் வீட்டிலும் நன்மை தீமை நடக்காத ஒரு வாரத்தில்கூட, ஒரு பேருந்துக்கு இரண்டு சாரதிகள் போதாது. நடத்துநருக்கும் இதே கணக்குத்தான். இதற்கு வெளியே, புறப்படுமுன் தண்ணீர், எண்ணெய், ரயர் பார்ப்பதற்கும், திரும்பியபின் பணத்தை எண்ணி ஒப்படைப்பதற்கும் எடுக்கும் நேரம் இருக்கிறது.

பட்டியல் எழுதும் பதிவேடு நீளமான, கோடிட்ட ஒரு புத்தகம். இடது ஓரத்தில் வழித்தடமும் பேருந்தின் இலக்கமும், அடுத்த நிரல்களில் சாரதி, நடத்துநர், கடமை தொடங்கும் கையொப்ப நேரம், முடியும் நேரம். பெயர்களைப் பென்சிலால்தான் எழுதுவோம். மாலை 6 மணிக்கு எழுதிய பெயர் இரவு 9 மணிக்கு அழிபடும் என்பது எழுதும்போதே தெரியும். கடைசிப் பக்கத்தில் மேலதிகம் என்ற தலைப்பின் கீழ்ச் சில பெயர்கள் இருக்கும். எந்தப் பேருந்துக்கும் ஒதுக்கப்படாமல், அதிகாலையில் சீருடையோடு சாலைக்கு வந்து, எவராவது வராமற்போனால் அவருக்குப் பதிலாகப் போவதற்குக் காத்திருப்பவர்கள் இவர்கள். மேற்பார்வைக்கு வருபவர்களின் கண்ணில் எப்போதும் குத்துவது இந்தப் பக்கம்தான். குந்தியிருக்கிறதுக்கும் சம்பளமா என்பார்கள். ஆட்கள் குறையத் தொடங்கியதும் முதலில் வெறுமையாவதும் இதே பக்கம்தான். அதன்பின் ஒருவர் வராவிட்டால் இரண்டே வழிகள்: அந்தப் பேருந்தை நிறுத்துவது, அல்லது முதல்நாள் இரவு கடமை முடித்துத் தூங்கப்போனவரை எழுப்புவது. பெரும்பாலும் எழுப்புவதுதான் நடக்கும். நிறுத்தினால் பயணிகள் சாலைக்குத் தொலைபேசி எடுப்பார்கள். எழுப்பினால் எவரும் எடுக்கமாட்டார்கள்.

இப்போது எதிர்க்கப்படும் புதிய பட்டியலைக் கடதாசியில் பார்த்தால் மிக நியாயமானதாகத் தெரியும். நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்தில் 6 நாட்கள், மேலதிக நேரம் மிகக் குறைவு. பழைய முறையில் ஒரு சாரதி, நடத்துநர் சோடி தொடர்ந்து சில நாட்கள் காலை முதல் இரவு வரை ஓடிவிட்டு, அடுத்த சில நாட்களைச் சேர்த்து ஓய்வாக எடுக்கும். சட்டம் படித்த ஒருவர் பார்த்தால் பழைய முறையைக் கொடுமை என்றும் புதியதைச் சீர்திருத்தம் என்றும்தான் சொல்வார். ஆனால் வன்னிச் சாலைகளில் வேலை செய்பவர்கள் எல்லோரும் சாலைக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்கள் அல்லர். யாழ்ப்பாணத்திலிருந்தும் மன்னாரின் கரையோரக் கிராமங்களிலிருந்தும் வந்து, வாடகை அறையிலோ சாலையின் ஓய்வறையிலோ படுத்து எழும்புகிறவர்கள் பலர். உள்ளூர்க்காரர்களில் பலருக்குக் குளத்தின் கீழே ஓரிரு ஏக்கர் வயல் இருக்கிறது. காலபோக அறுவடை வரும்போது சேர்ந்தாற்போல் சில நாட்கள் கிடைக்காவிட்டால் அந்த வயலைக் குத்தகைக்குக் கொடுப்பதைத் தவிர வழியில்லை. தினமும் எட்டு மணித்தியாலம் என்ற ஒழுங்கு இவர்களுக்கு ஓய்வைக் கொடுக்கவில்லை. வீட்டுக்குப் போகும் நாட்களைத்தான் எடுத்துக்கொண்டது. எனக்குப் பின் சாலைக்கு வந்த ஓர் இளம் சாரதி என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அண்ணை, எட்டு மணித்தியாலம் எண்டு எழுதிறது லேசு. மிச்சப் பதினாறையும் நான் எங்க கொண்டுபோய் வைக்கிறது? பிள்ளை கிளிநொச்சியில, நான் இஞ்ச."

அதைவிட மோசமானது, அந்த எட்டு மணித்தியாலமும் ஒரே தொடராக வருவதில்லை என்பது. காலை 5.30 முதல் 9.30 வரை பாடசாலை, அலுவலகக் கூட்டத்துக்காக ஓட வேண்டும். பின்னர் பிற்பகல் 1.30 முதல் 5.30 வரை அதே கூட்டத்தைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். கூட்டிப் பார்த்தால் எட்டு. நடுவில் இருக்கும் நான்கு மணித்தியாலம் எந்தக் கணக்கிலும் இல்லை. அது கழிவது ஒரு சந்தியில், கழிப்பறை இல்லாத ஒரு தரிப்பிடத்தில், பங்குனிச் சித்திரை வெயிலில் அனலாகிவிட்ட பேருந்துக்குள், அல்லது அதன் நிழலில் விரித்த ஒரு சாக்கின் மேல். விடிய 4 மணிக்கு எழும்பியவர் மாலை 6 மணிக்குத்தான் விடுபடுகிறார். பட்டியலில் அவர் எட்டு மணித்தியாலம் வேலை செய்தவர்.

இரவுக்கும் மறுநாள் காலைக்கும் இடையிலுள்ள இடைவெளியைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரவு 8.30 க்கு உள்ளே வந்த நடத்துநர் பணத்தை ஒப்படைத்துவிட்டு வெளியேற 9 மணி தாண்டும். மறுநாள் அவருடைய கையொப்ப நேரம் 4.15 என்றால் நடுவில் ஏழு மணித்தியாலம் இருக்கிறது. அதற்குள் வீட்டுக்குப் போய், சாப்பிட்டு, படுத்து, திரும்பி வர வேண்டும். அந்த நேரத்தில் அவருக்குப் பேருந்து கிடையாது. பேருந்து ஓட்டுகிறவன் வேலைக்கு வர மோட்டார் சைக்கிள் வாங்க வேண்டியிருப்பதை நாங்கள் பகிடியாகச் சொல்வதுண்டு. நெடுங்கேணி, ஒட்டுசுட்டான் பக்கத்து வீதிகளில் அதிகாலையில் யானை நிற்கும் என்பது மட்டும் பகிடியில்லை. சர்வதேச தொழில் அமைப்பு 1979 இல் வீதிப் போக்குவரத்துத் தொழிலாளருக்கென 153 ஆம் இலக்க உடன்படிக்கையை உருவாக்கியது. இடைவேளையின்றி 4 மணித்தியாலத்துக்கு மேல் ஓட்டக்கூடாது, நாளில் 9, வாரத்தில் 48 மணித்தியாலத்துக்கு மேல் ஓட்டக்கூடாது, 24 மணித்தியாலத்துக்குள் தொடர்ச்சியாக 10 மணித்தியால ஓய்வு வேண்டும் என்பவை அதன் பொது விதிகள். இலங்கை அதை ஏற்று உறுதிப்படுத்தவில்லை. புதிய பட்டியல் மேற்சொன்ன எண்களில் ஓட்டும் நேர எல்லைகளை மட்டும் மரியாதையாகப் பின்பற்றுகிறது. 10 ஐக் கண்டுகொள்ளவே இல்லை.

இனி, ஊழியர்களுக்குப் பிடிக்காத ஒன்றையும் எழுத வேண்டும். மேலதிக நேரக் கொடுப்பனவு இல்லாமல் அவர்களால் வாழ முடியாது என்பது உண்மை; அடிப்படைச் சம்பளத்தில் கடன், சீட்டு, பிள்ளைகளின் ரியூசன் எல்லாம் கழிந்தபின் கையில் நிற்பது சொற்பம். 2022 இன் விலையேற்றத்துக்குப் பிறகு இது இன்னும் இறுகிவிட்டது. ஆகவே ஒரே மனிதர் காலையில் வேலைப்பளு தாங்க முடியவில்லை என்றும், மாலையில் என்னுடைய மேலதிக நேரத்தை வெட்டிவிட்டார்கள் என்றும் சொல்வதை நான் பட்டியல் மேசையில் இருந்து கேட்டிருக்கிறேன். இரண்டும் பொய்யல்ல. ஆனால் தொழிற்சங்கங்கள் கூட்டத்தில் முதலாவதைப் பேசிவிட்டு, பேச்சுவார்த்தை மேசையில் இரண்டாவதை மட்டும் வென்றுகொண்டு வருவதுண்டு. மேலதிக நேரம் திரும்பக் கிடைத்ததும் எதிர்ப்பு அடங்கிவிடும். வெற்றிடம் அப்படியே இருக்கும். நிர்வாகத்துக்கும் அது வசதி, ஏனென்றால் புதிதாக ஒருவரைச் சேர்த்து ஊழியர் சேமலாப நிதியும் நம்பிக்கை நிதியும் கட்டுவதைவிட, இருப்பவரை இன்னும் நான்கு மணித்தியாலம் ஓட வைப்பது மலிவு. இந்தக் கட்டத்தில் இளம் ஊழியர்கள் மூத்தவர்களோடு முரண்படுகிறார்கள். என்னைக் கேட்டால் இளையவர்கள் பக்கம்தான் நியாயம் கூட.

பட்டியல் மாற்றத்தால் ஊருக்கு வரும் இழப்பு இரவுத் தரிப்பில் தொடங்குகிறது. வன்னியின் உட்கிராமங்களுக்குப் போகும் கடைசிப் பேருந்து அந்தக் கிராமத்திலேயே, கோயில் வீதியிலோ பாடசாலை வாசலிலோ இரவு நிற்கும். சாரதியும் நடத்துநரும் பேருந்துக்குள்ளேயோ தெரிந்த வீட்டு விறாந்தையிலோ படுப்பார்கள். விடிய அதே பேருந்து முதல் சேவையாகப் பட்டினம் போகும். ஊர்ச்சனம் புட்டும் சம்பலும் கொண்டுவந்து கொடுக்கும். ஒரு வீட்டில் மகள் உயர்தரப் பரீட்சை எழுதுகிறாள் என்றால், இந்த மாதம் பிந்தக்கூடாது என்பதை நடத்துநருக்கு எவரும் சொல்லத் தேவையில்லை. புதிய கணக்கில் இரவுத் தரிப்பு வீண்செலவு. அதற்கான கொடுப்பனவை மிச்சம் பிடித்து, பேருந்தை இரவே சாலைக்கு வெறுமையாக வரவழைத்து, விடிய வெறுமையாக அனுப்பினால், கடதாசியில் ஒரு கொடுப்பனவு குறையும். எரிபொருள் வேறொரு நிரலில் கூடும். முதல் சேவை அரை மணித்தியாலம் பிந்தினால், பிள்ளை பாடசாலைக் காலைக் கூட்டத்துக்கு வராதவளாகிறாள், கிளினிக்குக்குப் போகும் கிழவி இலக்கத் துண்டு எடுக்கும் வரிசையின் கடைசியில் நிற்கிறாள், பால் சேகரிப்பு நிலையத்துக்குப் போக வேண்டிய கலன் வீதியிலேயே கிடக்கிறது.

1958 ஜனவரி 1 ஆம் திகதி தனியார் பேருந்துக் கம்பனிகள் அரசுடைமையாக்கப்பட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபை தொடங்கியபோது, காசு கிடைக்காத வழித்தடத்திலும் பேருந்து ஓட வேண்டும் என்பது அதன் நோக்கங்களில் ஒன்று. பின்னர் 1979 இல் தனியார் பேருந்துகள் திரும்ப அனுமதிக்கப்பட்டன, 1990 களில் சபை துண்டு துண்டாக்கப்பட்டது, 2005 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தால் மீண்டும் ஒன்றாக்கப்பட்டது. இந்த மாற்றங்களுக்குள் நோக்கம் மங்கிப்போனாலும், மாணவருக்கான சிசு செரிய, கிராமங்களுக்கான கெமி செரிய போன்ற மானியச் சேவைகள் இன்னமும் இருப்பதால், அந்தக் கடமையை அரசு முற்றாகக் கைவிட்டுவிட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் மானியம் பேருந்துக்கு வருகிறது. அதை ஓட்ட ஆள் வருவதில்லை.

தூரச் சேவைகள் இன்னொரு கதை. வவுனியாவிலிருந்து கொழும்பு ஏறத்தாழ 255 கிலோமீற்றர். முல்லைத்தீவிலிருந்து அதைவிட அதிகம். இரவு முழுக்க ஓடி விடிய புறக்கோட்டையில் இறக்கிவிட்டு, பகலில் பேருந்தின் பின் இருக்கையில் துவாயை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்கி, மறுபடி இரவு திரும்புகிறார்கள். கொழும்பு வெக்கையில், ஹோர்ன் சத்தத்துக்குள் அதைத் தூக்கம் என்று சொல்வது கடினம். 2025 மே 11 அதிகாலையில் கதிர்காமத்திலிருந்து குருநாகல் நோக்கிப் போன அரச பேருந்து கொத்மலை, கெரண்டி எல்லப் பகுதியில் பள்ளத்தில் வீழ்ந்து 20 க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அந்த விபத்தின் காரணத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது என் வேலையல்ல. ஆனால் அந்தச் செய்தி வந்த நாளில் எங்கள் பக்கத்து இரவுச் சாரதிகள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: அந்த மனிசன் கடைசியாக எப்போது நித்திரை கொண்டவர்?

  

பேருந்து ஊழியர் வேலைநிறுத்தம் செய்தால் அது எப்போதும் தனியார் பேருந்துகளோடு நடக்கும் சண்டையாகவே வெளியில் தெரிகிறது. 2018 இன் தொடக்கத்தில் வவுனியாப் புதிய பேருந்து நிலையப் பிரச்சினையிலும், 2025 ஓகஸ்ட் இறுதியில் நாடளாவிய ரீதியில் நடந்த பணிப்பகிஷ்கரிப்பிலும் முன்னுக்கு நின்றது, அரச பேருந்துகளும் தனியார் பேருந்துகளும் நேரத்தைப் பங்கிடும் இணைந்த நேர அட்டவணைக்கான எதிர்ப்புத்தான். அதில் எனக்கு ஊழியர்களோடு உடன்பாடு இல்லை. ஒரே நேரத்தில் இரண்டு பேருந்துகள் முட்டி மோதி ஓடி, பிறகு ஒரு மணித்தியாலத்துக்கு ஒன்றும் இல்லாமல் பயணிகள் நிற்பதைவிட, நேரத்தைப் பங்கிட்டுக்கொள்வது நல்லது. ஆனால் ஆளணியைப் பற்றிய முறைப்பாட்டை அந்தச் சண்டையோடு சேர்த்துக் கட்டியதால், கேட்டிருக்க வேண்டிய முறைப்பாடு கேட்கப்படாமற்போனது. பொதுப் போக்குவரத்தை 1979 ஆம் ஆண்டின் 61 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அத்தியாவசிய சேவையாக வர்த்தமானியில் அறிவிப்பது அரசாங்கங்களுக்குப் பழகிய வழி. அத்தியாவசியம் என்றால் ஏன் ஆள் எடுக்கவில்லை என்று அந்த நேரத்தில் எவரும் கேட்பதில்லை. சாலை முகாமையாளரைத் திட்டிப் பயனுமில்லை. ஒரு நடத்துநரை நியமிக்கும் அதிகாரம் அவருக்குக் கிடையாது. கொழும்பிலிருந்து வரும் சுற்றுநிருபத்தை வைத்துக்கொண்டு பட்டியலை நெருக்கி எழுதும் அதிகாரம் மட்டும் உண்டு.

இப்போது ஊழியர்கள் ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். வரைபைத் திருத்தித் தரச் சொல்லி என்னிடம் கொண்டுவந்தார்கள். மேலதிகப் பக்கத்துக்கு ஆட்கள் வேண்டும், கடமை முடிவுக்கும் அடுத்த கையொப்பத்துக்கும் இடையில் பத்து மணித்தியாலம் வேண்டும், நடுப்பகல் காத்திருப்பைக் கடமையாகக் கணக்கிட வேண்டும், இரவுத் தரிப்பை நிறுத்தக்கூடாது, தூரத்தவர்களுக்குத் தொடர் கடமையைத் தெரிவுசெய்ய விட வேண்டும் என்று அதில் இருக்கிறது. மேலதிக நேரத்தைப் பற்றிய பந்தியை முதலாம் இடத்திலிருந்து எடுத்துக் கடைசிக்குக் கொண்டுபோனேன். மூத்தவர் இருவருக்கு அது பிடிக்கவில்லை. காலைப் பேருந்து பிந்துகிற கிராமங்களின் பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களிடமும் கமக்காரர் அமைப்புகளிடமும் கையொப்பம் வாங்குங்கள் என்றும் சொன்னேன். எங்கட பிரச்சினைக்குள்ள ஊரை ஏன் இழுப்பான் என்று சங்கத்துக்காரர் ஒருவர் கேட்டார். ஊர் அந்தப் பட்டியலுக்குள் ஏற்கெனவே இருக்கிறது என்று நான் சொன்னதை அவர் இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை. கடிதம் இன்னமும் போகவில்லை.